பிரஷர்காரர்களின் சட்டி

சின்னவளுக்கு உலகத்திலேயே பிடிக்காத பேச்சு ஒன்று உண்டு. "உப்பு பத்தலை." இதைச் சொல்வது அவளுடைய அண்ணன் மனைவி. அண்ணன் வீட்டுக்கு அவள் வாழ வந்த வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கேட்டது போதாதென்று, செருப்புத் தொழிற்சாலை கேன்டீனில் இருவருக்கும் சேர்ந்தாற்போல வேலை கிடைத்து, அங்கேயும் கேட்கிற பாக்கியம் வாய்த்தது. அண்ணி தலைமைச் சமையல்காரி. சின்னவள் அவளுக்கு அடுத்த இடம்.

சின்னவள் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், தோல் வெட்டுகிறவர்கள் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிட மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "அந்த அதட்டலுக்கு வேற எப்படிக் கூப்பிடுறது?" என்பார்.

அந்தச் சமையலறையில் ஒரு சட்டம் இருந்தது. உப்பு டப்பாவை அண்ணி மட்டும்தான் தொடலாம். ஆளாளுக்கு உப்புப் போட்டால் சாப்பாடு உருப்படாதாம். சின்னவள் நறுக்கலாம், கிளறலாம், அத்தனை பெரிய பாத்திரத்தை இடுப்பு ஒடிய இறக்கி வைக்கலாம். கடைசியில் அண்ணி வந்து டப்பாவைத் திறந்து, கையால் அள்ளிப் போட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் மூடி போடணும். அண்ணி லீவு எடுத்தால் டப்பா சின்னவள் கைக்கு வரும். மறுநாள் அண்ணி வந்ததும் வராததுமாக மிச்சத்தை ருசி பார்த்துவிட்டு அந்த ஒரு பேச்சைச் சொல்லுவாள். சின்னவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்பேர்ப்பட்ட நாக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அது வந்து உட்கார்ந்தது.

முதலில் ஒரு பக்கக் காது அடைத்தது. சளி என்றாள். மூக்கைச் சிந்தினால் ரத்தம். அடுப்புச் சூடு என்றாள். கழுத்தில் ஒரு கட்டி எழும்பியதும் அண்ணன் அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பக்கத்தில் புற்றுநோய். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். கத்தி வைக்கிற இடமில்லை, கதிர் வைத்தியமும் மருந்தும்தான், நல்லபடியாகக் கேட்கிற வகைதான் என்றாள். அண்ணனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சின்னவள்தான் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முகத்தின்மேல் இளஞ்சூடாக ஒரு பிளாஸ்டிக் வலையை அழுத்தி அச்சு எடுத்தார்கள். அதை மாட்டி, தலை அசையாதபடி மேஜையோடு பூட்டிவிட்டுத்தான் தினமும் கதிர் கொடுப்பார்கள். "செருப்பை அச்சுல மாட்டுவாங்களே, அது மாதிரி மாட்டிட்டாங்கடி. சைஸ் சரியா இருக்கு" என்று அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் ஆரம்பத்தில்தான். போகப்போக வாயெல்லாம் வெந்து புண்ணாகி, எச்சில் வற்றி, ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கக் கண்ணில் நீர் தளும்பியது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். நல்ல சேதி கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்போமே, அண்ணிக்கு நிஜமாகவே வார்த்தார்கள். வார்த்தது சின்னவள்.

"சூடு சரியா இருக்கா அண்ணி?"

"வயித்தைக் கேளு. எனக்கென்ன தெரியும்."

கடைசியில் அந்த நாளும் வந்தது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "சுத்தமா இருக்கு. போயிடுச்சு" என்றாள். அண்ணன் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதான். சின்னவளுக்கும் அத்தனை மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. குழாயை எடுக்கும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னாள். "இனிமே வாயாலதான் சாப்பிடணும். விழுங்காம விட்டீங்கன்னா தொண்டை விழுங்கறதையே மறந்துடும். ருசி இருந்தாலும் இல்லாட்டியும் சாப்பிடணும்."

"ருசி எப்ப வரும்?" அண்ணி கேட்டாள்.

"சில பேருக்குச் சில மாசத்துல வரும். சில பேருக்கு வருஷமாகும். கொஞ்ச பேருக்கு முழுசா வர்றதில்ல."

மூன்று பதிலில் அண்ணி கடைசியை மட்டும் எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். எதை வாயில் போட்டாலும் நனைந்த அட்டையை மெல்லுகிற மாதிரி இருக்கிறதென்றாள். "உயிரு வந்துடுச்சு. நாக்கு வரலையேடி. நாக்கு இல்லாத சமையல்காரியை எவன் வச்சுப்பான்?"

வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் குழம்பில் பழைய கணக்கில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டாள். பழக்கத்தில் நக்கிப் பார்த்தாள், ஒன்றும் தெரியாமல் இன்னொரு கை போட்டாள். பிறகு கரண்டியைச் சின்னவள் பக்கம் நீட்டினாள். "உப்பு பாரு" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டதும் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கு அண்ணி."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள், ஏப்ரனை அவிழ்த்தாள், வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அண்ணன் அலறியடித்துக்கொண்டு தங்கையிடம் ஓடிவந்தான். "இப்படியே போனா குழாயைத் திரும்பப் போடணும்னு சொல்றாங்க. நீ ஏதாவது பண்ணு."

சின்னவள் பண்ணினாள். அண்ணியின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கு அன்னிக்குச் சளி அண்ணி. உப்பு சரியாத்தான் இருந்துச்சாம். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாங்களாம். நீங்க வந்து போட்டாத்தான் சாப்பிடுவோம்னு நிக்கிறாங்க" என்றாள். புளுகு என்றால் அப்படி ஒரு புளுகு. அண்ணி எழுந்து வந்தாள்.

கேன்டீனில் சின்னவள் ஒவ்வொரு மேஜையாகப் போய் எச்சரித்தாள். "உப்புன்னு எவனாவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் இந்தக் கேன்டீன்ல பச்சைத் தண்ணி கிடையாது." அவர்களும் நல்லவர்கள்தான். வாயை மூடிக்கொண்டு தின்றார்கள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். அண்ணியும் அவர்களோடு உட்கார்ந்து, பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். தினமும் "உப்பு பாரு" என்பாள். தினமும் சின்னவள் முகம் கோணாமல், "சரியா இருக்கு அண்ணி" என்பாள்.

வாட்ச்மேனுக்கு ரத்தக்கொதிப்பு. அவருக்காக ஓரத்தில் உப்பில்லாத குழம்பு ஒரு சின்னச் சட்டியில் தனியாகக் கொதிக்கும். ஒரு வாரத்தில் தோல் வெட்டுகிறவர் ஒருவர் வந்து தனக்கும் பிரஷர் என்றார். பிறகு ஒட்டுகிறவர்கள், பிறகு பேக்கிங் ஆட்கள். மாதம் போகப்போகச் சின்னச் சட்டி போய் நடுத்தரச் சட்டி வந்தது, அதுவும் போய்ப் பெரிய சட்டி வந்தது. சின்னவள் வீட்டிலிருந்து உப்பைப் பொட்டலம் கட்டி இடுப்பில் செருகிவந்து, அண்ணி அசந்த நேரம் பார்த்து அதில் போடுவாள். வாட்ச்மேனுக்கு முன்னாடியே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவாள், பாவம், அவருக்கு நிஜ வியாதி.

"என்னடி இது, தையல் செக்‌ஷன்ல புதுசா சேர்ந்தவளுக்குக் கல்யாணம்கூட ஆகல. அவளுக்கு என்ன பிரஷர்?" என்று அண்ணி கேட்டாள்.

"மாப்பிள்ளை பார்க்குறாங்களாம் அண்ணி. அந்த டென்ஷன்."

அண்ணி உம் என்றாள். அவள் நம்பினாளோ என்னவோ. ஆனால் அந்த வாரம் முழுக்க, டீ குடிக்கும்போதெல்லாம் "வாயில என்னமோ மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

அது ஒரு வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடிக்கச் சற்று நேரம் இருந்தது. அண்ணி உப்பை அள்ளிப் போட்டாள், கிளறினாள், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். அப்படியே நின்றாள். இன்னொரு சொட்டு விட்டாள். தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

"சின்னவளே, இங்க வா."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இது எனக்கு உப்பாக் கரிக்குது. வாயில வைக்க முடியல" என்றாள் அண்ணி. "நாக்கு வந்தாலும் கோணலா வரலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீ தினமும் சரியா இருக்குன்னு சொல்ற. அப்போ என் நாக்குதான் கெட்டுப்போச்சா? உள்ளதைச் சொல்லுடி."

சின்னவள் மாட்டிக்கொண்டாள். சரியா இருக்கு என்றால் நாக்கு போயே போச்சு என்றாகும். தூக்கல் என்றால் இத்தனை மாதப் புளுகும் சந்தி சிரிக்கும், அண்ணி மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாலும் படுப்பாள்.

"உப்புதான் அண்ணி. நெஜமாவே கரிக்குது. நீங்க வேலைக்குத் திரும்பி வந்த நாள்லருந்து கரிக்குது. நான்தான் யாரையும் சொல்ல விடல. நீங்க சாப்பிடாமப் படுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அண்ணி அவளை உற்றுப் பார்த்தாள். திட்டு வரும் என்று சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வரவில்லை. அண்ணி நேராக ஓரத்துக்குப் போய்ப் பிரஷர்காரர்களின் சட்டியைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு உப்பு போட்டது யாரு?"

"நான்தான் அண்ணி. வீட்லருந்து கொண்டு வந்தேன். டப்பாவைத் தொடல, சத்தியமா."

வெளியே மணி அடித்தது. தட்டுச் சத்தம் கேட்டது. அண்ணி கண்ணைத் திறந்தாள். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"உப்பு பத்தலை" என்றாள்.

சின்னவள் அங்கிருந்த உருளைக்கிழங்கு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். தேம்பலுக்கு நடுவிலேயே கேட்டாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க அண்ணி."