செலின் கண்ணு

எனக்குப் பொறாமையே கிடையாது என்று நான் சொன்னால் எங்கள் வார்டே சிரிக்கும். ஆனால் அந்த ஏரிக்கரையில் என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் வயிறு எரிந்திருக்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஒரு ரிசார்ட். கரையோரமாக வெள்ளைக் கேரவன் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளேயே கட்டில், பாத்ரூம், டீ போட அடுப்பு. ஒரு வண்டிக்கு இரண்டு பேர். மூன்று நர்ஸ்களும் ஆயா மாதம்மாவும் லீவு போட்டுக் கிளம்பினோம். யோசனை என்னுடையது, போன் போட்டு இடம் பிடித்ததும் நான்தான். எதற்கு? சௌம்யாவும் நானும் ஒரு வண்டியில் படுத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசலாம் என்றுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் எட்வர்டுக்குப் பேச்சு என்றால் சாப்பாடு ஆச்சா என்பதோடு சரி. சௌம்யாவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டு முறையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்.

இதற்கு நடுவில் ஹனூரிலிருந்து எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள் தமிழ்ப்ரியா. எவரைப் பார்த்தாலும் கண்ணு. பல் போன தாத்தாவுக்கும் "கையக் குடு கண்ணு", ஊசிக்கு அழும் அம்மாளுக்கும் "அவ்வளவுதான் கண்ணு". கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு அது சௌம்யாவுக்கும் தொற்றிக்கொண்டது. நோயாளிகளைக் கண்ணு என்கிறாள், தமிழ்ப்ரியாவைக் கண்ணு என்கிறாள். என்னை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

ரிசார்ட்டில் இறங்கியதும் சௌம்யாவின் பையைத் தமிழ்ப்ரியா பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க தூக்காதீங்க்கா, நான் எதுக்கு இருக்கறேன்?"

இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஏறுமுன் சௌம்யா என்னைப் பார்த்து, "செலின், நீ மாதம்மா ஜொதெ இரு கணே, அவங்களுக்குத் தனியா பயம்" என்று அவளுடைய கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள். மாதம்மாவுக்காம், பயமாம். சவக்கிடங்குக்குத் தனியாகப் போய் வருகிற பொம்பளை அவர்.

சாயங்காலம் பரிசல் வந்தது. தண்ணீர் என்றால் முதலில் குதிப்பவள் சௌம்யா. அன்று, "எனக்கு பேடா, நீங்க போங்க" என்று கரையிலேயே நின்றுவிட்டாள். பக்கத்தில் அந்தத் தமிழ்ப்ரியா. பரிசல்காரர் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசுவது தெரிந்தது.

"அங்க ஏனு பாக்கற? தண்ணியப் பாரு" என்றார் மாதம்மா.

"பாத்தாச்சு" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

கரை ஏறியபோது அவர்கள் அங்கே இல்லை. கேன்டீனில் சூடாக வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். சௌம்யாவுக்கு உயிர். ஒரு தட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் வண்டிக்குப் போனேன். ஒட்டுக் கேட்கத்தான் போனேன், பஜ்ஜி ஒரு சாக்கு.

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே தமிழ்ப்ரியா ஏதோ முணுமுணுத்தாள். பிறகு சௌம்யாவின் குரல் மெதுவாக வந்தது.

"செலின்... செலின் கண்ணு."

அப்படியே நின்றுவிட்டேன். சீ, என்ன புத்தி எனக்கு என்று தோன்றியது. நான் இல்லாத இடத்தில் என்னைக் கண்ணு என்கிறாள். ஒரு நாள் முழுக்க அவளைக் கரித்துக்கொட்டினேனே.

சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினேன். "என்னடி, என்னையும் கண்ணுன்னு கொஞ்ச ஆரம்பிச்சுட்டியா?"

சௌம்யா கட்டிலில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்ற தமிழ்ப்ரியாவின் மூடிய கையிலிருந்து கல்லுப்பு உதிர்ந்தது, மிளகாய்க் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சௌம்யாவின் ஒரு கை அடிவயிற்றின் மேல் இருந்தது. நானும் நர்ஸ்தானே, சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"எத்தனாவது மாசம்?"

"மூணு" என்றாள்.

"இல்லீங்க்கா, பொதுவாத்தான் சுத்தறது. யாரு யாரு கண்ணுன்னு பேரு சொல்லோணும்னு நான்தான்..." என்று இழுத்தாள் தமிழ்ப்ரியா.

நான் அவளைப் பார்க்கவில்லை. "என் பேரா சௌம்யா?"

அவள் அழுதாள். "தப்பா எண்ணாத கணே. ரெண்டு தடவையும் மொதல்ல உங்கிட்டதான் சொன்னேன். ரெண்டும் நிக்கல."

வாயைத் திறந்தேன். நீ படித்தவளா, நான் ஜெபமாலை உருட்டாத நாள் உண்டா, உன் பிள்ளைக்கு நான் கெடுதல் நினைப்பேனா என்று கேட்க எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அந்த வயிற்றைப் பார்த்த நொடியில் என்னுள் முதலில் கிளம்பியது சந்தோஷம் இல்லை. இவளுக்கு மூன்றாவது முறையும், எனக்கு ஒன்றுகூட இல்லையே என்றுதான் கிளம்பியது. சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது, பொய் சொல்லவில்லை.

தட்டை அடுப்பு மேடையில் வைத்தேன். தமிழ்ப்ரியா கையைக் கீழே இறக்கியிருந்தாள்.

"முதல்லேர்ந்து இன்னொரு தடவ சுத்தும்மா" என்றேன். "இப்பத்தான் பாத்தேன்."