பின்கதவுக் கண்ணாடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்க் கண்ணாடி மாற்றுகிற தொழிலில் வாய் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. மாற்றிக் கொடுத்த மறுநாளே, "நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து ஹாரன் அடிக்கல" என்று போன் வரும். சீட்டில் ஏதோ வாடை வருகிறது என்று வரும். ஒருவர் தன் வீட்டுப் பூனையைக் காணோம் என்று எங்களிடம் கேட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: "நாங்க கண்ணாடிக்கு மட்டும்தான் பொறுப்பு." இதைக் கடைப் பலகையிலேயே எழுதிவிடலாம், உனக்குத் தொண்டைத் தண்ணியாவது மிச்சமாகும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அன்றைக்கு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேனை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். எலக்ட்ரிக் எஸ்யூவி ஒன்றில் பின்கதவுக் கண்ணாடி உடைந்திருக்கிறது, வீட்டுக்கே வந்து மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். போனில் வெண்ணெய் மாதிரி பேசினார். பின்கதவுகளில் வழக்கமாக வருகிற கண்ணாடி பலமாக அடிபட்டால் கல்கண்டு போல உதிர்ந்துவிடும். அது வேண்டாமாம். முன்கண்ணாடியைப் போல நடுவில் தாள் வைத்து ஒட்டியது, விரிசல் விட்டாலும் விழாமல் நிற்பது, அதுதான் வேண்டுமாம். உடைந்த பக்கத்துக்கு மட்டுமல்ல, நன்றாக இருக்கிற பக்கத்துக்கும். முன்கதவுகளில் கம்பெனியே அதைத்தான் போட்டிருந்தது. "திருட்டு பயமா சார்?" என்று கேட்டேன். "பாதுகாப்புதானே மேடம் முக்கியம்" என்றார். விவரமான மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேன் உள்ளே போனதும் கேட் தானாக மூடிக்கொண்டது. வெயிலில் வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருந்தார். பக்கத்தில் அவர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் போன். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி கொண்டுவந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. தம்ளரை நீட்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"கடை வாசல்ல நிறுத்தியிருந்தோம். யாரோ கல்ல எறிஞ்சிட்டாங்க" என்றார் அவர்.

கதவைத் திறந்து வேலையைத் தொடங்கினேன். வெளியிலிருந்து கல் விழுந்தால் கண்ணாடித் துணுக்கெல்லாம் உள்ளேதான் கொட்டும். எத்தனை முறை உறிஞ்சி எடுத்தாலும் சீட் மடிப்பில் நாலு துணுக்கு கிடக்கும், மாதக்கணக்கில் கிடக்கும். இங்கே சீட்டில் ஒன்றுமில்லை. குழந்தை சீட்டின் தையலை விரலால் பிரித்துப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. துணுக்கெல்லாம் ரப்பரின் வெளிப்பக்கத்தில் சிக்கியிருந்தது. ரப்பரும் வெளிப்பக்கமாகத்தான் பிதுங்கியிருந்தது. கதவின் உள்பலகையில், கண்ணாடிக்குக் கீழே, யாரோ அழுந்தத் துடைத்திருந்தார்கள். துடைத்தும் போகாமல் வரிவரியாகச் செருப்புத் தடம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடம்.

"சார், இது உள்ளேயிருந்து..." என்று ஆரம்பித்துவிட்டேன். இந்த வாய் என்னை ஒருநாள் கொல்லப்போகிறது.

"உள்ளேயிருந்து?" என்றார். குரல் மாறவில்லை. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கண் என் மேல் வந்து நின்றது.

"உள்ள ஒரு கிளிப் உடைஞ்சிருக்கு சார். நானே மாத்திடறேன்" என்றேன்.

"நல்லது மேடம்" என்று சொல்லிவிட்டு இன்னும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குக் கை வேலை செய்தது, மனசு வேலை செய்யவில்லை. இவள் எதற்காக உள்ளேயிருந்து உதைத்தாள்? அதற்காக இவர் எதற்கு உடையாத கண்ணாடி கேட்கிறார்? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலை என் வேனில் ஏற்றிக்கொண்டு வந்ததே நான்தான். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். கேட் மூடியிருந்தது. போனாலும் வேறு ஒருத்தன் வந்து மாட்டிவிட்டுப் போவான். அவன் செருப்புத் தடத்தைப் பார்ப்பானா, மாட்டானா?

உள்பலகையைக் கழற்றினேன். உள்ளே மோட்டார், வயர்கள், அவற்றோடு மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று. இந்த வண்டிகளில் கதவைத் திறப்பது பட்டன்தான், கரண்டில் வேலை செய்கிற பூட்டு. கரண்டு போனால் திறப்பதற்கென்று கையால் இழுக்கிற கம்பி ஒன்றை வைத்திருப்பார்கள். அதைப் பின்கதவில் ஒளித்துவைத்திருப்பார்கள். கதவோரப் பையின் அடியில் ரப்பர் விரிப்பு, அதற்குக் கீழே சின்ன மூடி, மூடிக்குள் ஒரு வளையம். வண்டி வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

"இந்தக் கம்பி எதுக்கு மேடம்?"

என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

"கண்ணாடி ஏறி இறங்குறதுக்கு சார்."

"ரெண்டு பக்கமும் இருக்குமா?"

"இருக்கும் சார். தொட்டா கண்ணாடி கோணிக்கும். நீங்க கை வெச்சிடாதீங்க."

அவர் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் பலகையை அவசரமாக மாட்டி மூடினேன்.

இரண்டு பக்கமும் கண்ணாடி ஏறியது. கடைசியாக எப்போதும் தண்ணீர் அடித்துப் பார்ப்பேன். வெளியே ஒருவர் பைப்பைப் பிடிக்க, உள்ளே ஒருவர் உட்கார்ந்து எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக வெளியே நான், உள்ளே வண்டிக்காரர். அவரும் அதற்குத்தான் கதவருகே போனார்.

"சார், உங்க தண்ணி பைப் செம வேகமா இருக்கு. நான் பிடிச்சு பெயின்ட்ல ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றேன். "நீங்களே பிடிங்க. உள்ள ஆளுக்கு ஒரு கதவா நானும் வீட்டம்மாவும் பார்த்துக்கறோம்."

பெயின்ட் என்றதும் பைப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். "வாம்மா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவ்வளவு மென்மையாகத்தான் கூப்பிட்டார். அதற்கே அவள் தோள் தூக்கிப்போட்டது.

குழந்தையைச் சீட்டில் வைத்துக் கட்டிவிட்டு அவள் ஒரு பக்கம் உட்கார்ந்தாள், நான் மறுபக்கம். கதவுகளைச் சாத்தினோம். தண்ணீர் கூரையில் தடதடவென்று அடித்தது. கண்ணாடியெல்லாம் நீர் வழிந்து அவர் வெறும் நிழலாக மங்கிப்போனார். அவருக்கு எங்கள் பேச்சு கேட்காது, முகமும் தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"என்னைப் பார்க்காத. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே பேசு" என்றேன். "நீதானே உதைச்சே?"

அவள் டிஷ்யூவால் ஓரத்தைத் துடைத்தாள்.

"குழந்தைக்கு மூச்சு முட்டுச்சுக்கா" என்றாள். "அவர் கடைக்குள்ள போனா எங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவார். போன்லயே பூட்டிடுவார். ஏசியும் போன்லதான். அன்னிக்கு எதிர்த்துப் பேசிட்டேன். ஏசியை அணைச்சிட்டுப் போயிட்டார். கண்ணாடி உடைஞ்ச சத்தத்துல உடனே ஓடி வந்துட்டார்."

"போலீசுக்கு நான் சொல்லட்டுமா?"

"ஒருதரம் வந்தாங்க. அவர் பேசினார், போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

"போக இடம் இருக்கா?"

"அண்ணன் வீடு இருக்குக்கா. கதவுதான் இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும். "உன் பக்கத்துக் கதவுப் பையில கையை விடு. அடியில ரப்பர் இருக்கா? அதைத் தூக்கு. மூடி ஒண்ணு தட்டுப்படும். நகத்தால நெம்பு. உள்ள ஒரு வளையம் இருக்கும். இழுக்காத. தொட்டு மட்டும் பாரு."

அவள் விரல் தேடியது. பிறகு ஓரிடத்தில் நின்றது.

"அதை இழுத்தா கதவு திறக்கும். அவர் போன்ல பூட்டியிருந்தாலும் திறக்கும். கண்ணை மூடிக்கிட்டே கை அங்க போகணும். புரியுதா?"

க்ளக் என்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

தண்ணீர் நின்றது. வழிந்த நீர் வடிய வடிய அவர் உருவம் தெளிவாகத் தெரிந்தது. பைப்பைக் கீழே போட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டனை அமுக்கினேன். திறக்கவில்லை. "சார்" என்றேன். அவர் காதில் விழாதது போல நின்றார். வெயில் கூரையில் இறங்கியது. முதுகில் வியர்வை ஓடியது. காலம் முழுக்கக் காருக்குள் தலையை விட்டு வேலை பார்ப்பவள் நான், ஒருநாளும் காருக்குள் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன். கம்பியைப் பற்றி அவருக்குத் தெரிந்துவிட்டதா, எங்கள் வாயசைவைப் பார்த்துவிட்டாரா, இப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாரா? இந்தக் கண்ணாடியை உதைத்தாலும் ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே, மாட்டியவள் நான். குழந்தை சிணுங்கத் தொடங்கியது. என் கை என்னைக் கேட்காமலே என் பக்கத்துக் கதவுப் பைக்குள் போனது.

அவள் குழந்தையின் குறுக்கே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. இப்ப இழுத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்." அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "சிரிங்க."

"என்னது?"

"சிரிங்க. சிரிச்சா சீக்கிரம் திறப்பார்."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பழகிய சிரிப்பு. நானும் சிரித்தேன். பயத்தில் தாடை ஆட, பல்லைக் காட்டிக்கொண்டு, கோமாளி மாதிரி அந்தக் கண்ணாடி வழியாக அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அசைத்தார். பூட்டு திறந்தது.

"பூட்டு சரியா விழுதான்னு பார்த்தேன் மேடம். பயந்துட்டீங்களா?"

"எனக்கென்ன சார் பயம்" என்றேன்.

கிளம்பும்போது, "உங்க கடை எங்க இருக்குன்னு தெரியும். தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் சொல்றேன்" என்றார். அது பாராட்டா, மிரட்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட் திறந்தது. இரண்டு தெரு தள்ளி வேனை ஓரம் கட்டி வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அதன் பிறகு ஒழுங்காகத் தூக்கமில்லை. போன் அடித்தால் உயிர் போய் உயிர் வந்தது. அவசரத்தில் அவள் கைக்கு அந்த மூடி அகப்படாவிட்டால்? அவர் ஒருநாள் அந்தக் கம்பியைப் பற்றி யாரிடமாவது கேட்டுவிட்டால்? முன்பாவது உதைத்தால் உடைகிற கண்ணாடி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காய்கறி நறுக்கும்போதும், கண்ணை மூடினாலும் அந்தக் குழந்தை சீட்டுதான் தெரிந்தது.

ஒரு பகல் வேளை கடையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவர்தான்.

"என் கதவுல என்ன பண்ணின?"

மேடம் போய்விட்டது. நீங்க போய்விட்டது. பின்னால் வண்டிகள் போகிற சத்தம், ஓடி வந்தவன் போல மூச்சிரைப்பு. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சார் ஆச்சு?"

"பூட்டிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தா பின்கதவு திறந்து கிடக்கு. நீ என்ன பண்ணின, சொல்லு."

"உள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"யாரும் இல்ல" என்று கத்தினார். "குழந்தை சீட் கூடக் காலியா கிடக்கு. நான் இப்பவே உன் கடைக்கு வரேன்."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து போய் ஷட்டரை இறக்கினார். கடை இருட்டாயிற்று. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

"கண்ணாடி உடைஞ்சிருக்கா சார்?" என்றேன்.

"கண்ணாடி அப்படியேதான் இருக்கு. நான் கேக்கறது..."

"நாங்க கண்ணாடிக்கு மட்டும்தான் சார் பொறுப்பு" என்றேன்.