நோயில்லாதவர் பெட்டி

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டுமே, அதற்கு யாரிடம் போய்க் கெஞ்சுவது? நாங்களே கையை நீட்டிவிடுவோம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மரபணு ஆராய்ச்சியின் லட்சணம் இதுதான்.

ஹண்டிங்டன் நோய் இருந்தால் ஒரு மரபணுவில் சின்னத் துண்டொன்று திக்குவாய் பேசுவதுபோல் திரும்பத் திரும்ப வரும். அதன் நீளத்தை அளக்கும் புரோகிராம் என்னுடையது. ஒருநாள் நோயில்லாதவர் பெட்டியிலிருந்து வந்த ஒரு ரத்தத்தில் அந்தத் துண்டு நோயாளியுடையதைப் போல நீண்டு நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய்களுக்குச் சீட்டு ஒட்டியவன் என்னோடு வேலை பார்க்கும் வெண்டல்.

"ஏன்டா, கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்க? நோயாளி குழாயைத் தூக்கி நம்ம பெட்டியில போட்டிருக்கியே!"

"போடி, உன் புரோகிராம்தான் உளறுது. எந்தக் குழாய்?"

குழாயின் எண்ணைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடிப்பாவி, அது என்னோடதுதான்! வேணும்னா மறுபடி எடு. குழாய் மாறலைன்னா வெள்ளிக்கிழமை மீன் வறுவல் உன் செலவு."

சட்டைக் கையை மடித்தான். வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. அதே நீளம். குழாய் மாறவில்லை, புரோகிராமும் உளறவில்லை. பந்தயத்தில் வெண்டல்தான் ஜெயித்திருந்தான். ஐயோ, நான் தோற்றதற்கு அப்படி அழுதது அன்றுதான்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும், ஒருநாள் கைகால்களை ஆட்டிவைக்கும், தீர்க்க மருந்தில்லை. அவனுக்குத் தெரியாததா?

"எங்கப்பாதான்," என்றான். "தள்ளாடித் தள்ளாடி நடப்பாரு. கையில கப்பு நிக்காது. குடிச்சே அழியறாருன்னு ஊரே சொல்லிச்சு. 'ஒரு சொட்டுகூடத் தொடலைடா'ன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு."

அவன் தோளில் கைவைத்தேன்.

"என் பொண்ணு பிறந்தப்ப வந்தாரு, கார்லா. பிள்ளையை ஒரு தடவை தூக்கிக்கறேன்னு கேட்டாரு. குடிகாரன் கையில தரமாட்டேன்னு வாசலோட அனுப்பிட்டேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டை எடுத்தான். பள்ளிவிடும் நேரம், மகளைக் கூட்டிவர வேண்டும்.

கதவருகில் நின்றான்.

"பாப்பா ரத்தத்தை மட்டும் யாரும் கேட்டுடாதீங்க," என்றான்.