பத்துக்கு அடுத்த எண்

சித்தி எங்களோடு தங்க வந்து எட்டு மாதமாகியும் அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பது வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியவில்லை. அது அந்த அம்மாவுக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. அந்த அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாத ஊரே கிடையாது. ஊர்ப் பெயர் தெரிந்தால் ஒரே போனில் சித்தப்பா காதுக்குப் போய்விடும். அவர் கைக்கு எட்டாமல் இருக்கத்தான் சித்தி கட்டிய துணியோடு கிளம்பி வந்திருந்தாள்.

தொழிலாளர் கணக்கெடுப்பு என்று ஒரு பெண் மாடியேறி வந்தபோது, பின்னாலேயே வீட்டுக்கார அம்மாவும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போன வாரம் வேலை செஞ்சீங்களாக்கா?"

"சட்டைக்குக் காலர் தைக்கிறேன். பீஸ் ரேட்டு" என்றாள் சித்தி, மிஷினை மிதித்துக்கொண்டே.

"போன வருஷம் இதே மாசம் எங்க குடியிருந்தீங்க?"

மிஷின் நின்றது. "இங்கதான்."

"அடியம்மா" என்றாள் வீட்டுக்கார அம்மா. "பெட்டிகூட இல்லாம வந்து நின்னியே, நான்தானே கதவத் திறந்தேன்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. ஊரச் சொல்லு, எழுதிக்கட்டும்."

சித்தியின் விரல் காலர் துணியை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது. கணக்கெடுக்கும் பெண் அந்த விரலைப் பார்த்தாள். வெளியே போகச் சொன்னால் வீட்டுக்கார அம்மா போவாள்தான். ஆனால் அந்தக் கோபம் பிறகு எங்கள் தலையில் விடியும். அது அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும். சித்தி சொன்ன பொய்யையும் அவள் எழுதிக்கொள்ளவில்லை. பையிலிருந்து மண்டலங்களின் பட்டியல் அச்சிட்ட ஓர் அட்டையை எடுத்துச் சித்தி மடியில் வைத்தாள்.

"எனக்கு ஊர் வேண்டாம்க்கா. எந்த மண்டலம்னு தெரிஞ்சா போதும். அதுக்கும் பேரு சொல்ல வேண்டாம். பக்கத்துல போட்டிருக்கற நம்பரச் சொல்லுங்க."

சித்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பதினொண்ணு."

"பதினொண்ணுன்னா எது?" வீட்டுக்கார அம்மா கழுத்தை நீட்டினாள்.

"பத்துக்கு அடுத்ததுக்கா" என்றபடி அந்தப் பெண் அட்டையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அடுத்து உங்க வீடுதான். போன வாரம் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செஞ்சீங்களா?"

"சம்பளமா? கல்யாணமான நாள்லேருந்து ஓசியில உழைக்கறேன். அத எழுது முதல்ல."

"கீழ வாங்க, உக்காந்து விவரமாச் சொல்லுங்க."

வீட்டுக்கார அம்மா தன் உழைப்பைச் சொல்லிக்கொண்டே அவளோடு இறங்கினாள். நான் சத்தமில்லாமல் படிக்கட்டுக் கம்பியருகே போய் நின்றேன்.

கடைசிப் படியில் குரல் தாழ்ந்தது. "எங்கிட்ட மட்டும் சொல்லும்மா. அது எந்த ஊரு?"

"தெரியாதுக்கா. நான்தான் கேக்கவே இல்லையே."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எப்பேர்ப்பட்ட ஆள் என்று நினைத்தேன். ஓடி வந்து சித்தியிடம் அப்படியே சொன்னேன்.

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் இருந்த எடத்த நெஜமாவே சொல்லிட்டேன்டி. அதுவும் இந்த அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போதே" என்று சொல்லி, அடுத்த காலரை ஊசிக்கடியில் வைத்தாள்.