பீங்கான் முட்டை

"இந்த வீட்டுல யாரைப் பாத்தாவது உனக்குப் பயமா இருக்கா, கண்ணு?" என்று திருமதி ஸ்கெல்டன் என்னிடம் கேட்டார்.

போலீசின் துப்பாக்கி உரிமப் பிரிவிலிருந்து வந்திருந்தார். சீருடை இல்லை. மழைக்கோட்டும் சேறு படிந்த பூட்சுமாக எங்கள் சமையலறை மேசையில் ஃபைலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா எதிரில் இருந்தாள். சக்தி கூடிய காற்றுத் துப்பாக்கிக்கு விண்ணப்பித்திருந்தவர் ரஸ்ஸல். அம்மாவோடு சில வருஷங்களாக வாழ்பவர். அவர் சமையலறையை ஒட்டிய சிறு அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். கெட்டில் கொதித்து அணைந்த சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.

நான் மேசையைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, பார்ப்பவருக்குப் புரியாத ஆட்டல். அதற்குள் ரஸ்ஸல் தட்டோடு வந்துவிட்டார்.

"அவகிட்ட கேக்கறதும் செவுத்துகிட்ட கேக்கறதும் ஒண்ணுதான், மேடம். வாயைத் திறக்க பயந்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்தையே விட்டவ. கோழிங்க மட்டும்தான் அவ பேச்சைக் கேட்டிருக்கு."

ரஸ்ஸல் சொல்லிவந்த எலித்தொல்லை பொய் இல்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே எங்கள் கோழிக்கொட்டகை இருக்கிறது. அறுவடை முடிந்ததும் வாய்க்கால் கரையிலிருந்து எலிகள் தீவனத்துக்கு வந்துவிடும். ரஸ்ஸலிடம் ஏற்கெனவே சாதாரணக் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. காகிதம் எதுவும் இல்லாமல் யாரும் வாங்கக்கூடியது. பின்கதவுக்கு மேலே கொக்கியில் தொங்கும். எலிக்கு அது போதும். நானே பார்த்திருக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பக்கத்துப் பண்ணை ஆலிவ் வீட்டின் செம்பூனை எங்கள் முற்றத்தைக் கடந்தது. ரஸ்ஸல் சுட்டார். பூனை உருண்டது, எழுந்தது, பின்கால்களை இழுத்துக்கொண்டே கோஸ் வரிசைகளுக்குள் போய்விட்டது. அவர் துப்பாக்கியை இறக்கி அதையே பார்த்தார்.

"பவர் பத்தலை," என்றார்.

அடுத்த வாரம் தீவன மூட்டை ஏற்ற என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர், வழியில் துப்பாக்கிக் கடையில் வண்டியை நிறுத்தினார். கடைக்காரர் பாஸ்க் தடித்த கண்ணாடி போட்ட நல்ல மனிதர். இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் அழுத்திய காற்றில் இயங்குபவை.

"என்னத்தைச் சுடப் போறீங்க?"

"எலி."

"எங்க?"

"கொட்டகைக்குள்ள."

"அப்ப இது." மெலிந்ததைத் தள்ளினார். "சக்தி பன்னெண்டு அடி-பவுண்டு, சட்டம் விடற எல்லைக்குள்ள. காகிதம் வேணாம். எலி தலையில பட்டா அங்கயே முடிஞ்சுது. அது முப்பது. போலீஸ் வீட்டுக்கு வந்து பாத்து உரிமம் குடுத்தாத்தான் நான் கையில தர முடியும். வெளி நிலத்துல முயலுக்கு நல்லது. கொட்டகைக்குள்ள வேணாம்."

மேசைக்கு அடியிலிருந்து கூரைத் தகரத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு பள்ளமும் ஒரு ஓட்டையும் இருந்தன.

"பள்ளம் சின்னதோடது. ஓட்டை பெரிசோடது. தகரத்துக்கு அந்தப் பக்கம் உங்க பொண்ணு முட்டை பொறுக்கிட்டிருந்தா என்ன ஆவும், சொல்லுங்க."

ரஸ்ஸல் சிரித்தார். ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, அந்தப் பக்கமாக என்னைப் பார்த்து ஆட்டினார்.

"என் பொண்ணு இல்ல. லின்னோட பொண்ணு," என்று அம்மா பெயரைச் சொன்னார். "அந்த முப்பதுதான் வேணும். முயலுன்னு எழுதிக்கங்க."

உரிமம் வருவதற்கு முன்னாலேயே புதுத் துப்பாக்கிக்கு என்று குறி பார்க்கும் ஸ்கோப் ஒன்று வாங்கிவிட்டார். அதற்குக் காகிதம் தேவையில்லை. பழைய துப்பாக்கியில் பொருத்திப் பழகினார். ஒரு சனிக்கிழமை முட்டைக் கூடையோடு வெளியே வந்தேன். அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசலில் ரஸ்ஸல் மண்டியிட்டிருந்தார். அம்மா நகர நகர, துப்பாக்கி முனையும் போர்வை, சட்டை, போர்வை என்று கூடவே நகர்ந்தது.

என் காலடி கேட்டு, கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தூரம் பாக்கறேன். அசையறதைப் பாத்துத்தானே பழகணும்."

அம்மா வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காலுறையை எடுத்து மாட்டினாள். அவளுக்கு அது தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து துணியை நானே காயப்போட்டேன். முதுகு கூசும்.

பிறகு மாடிப்படிக்குக் கீழே இரும்புப் பெட்டி சுவரோடு முடுக்கப்பட்டது. துப்பாக்கி வருவதற்கு முன்பே பெட்டி இருக்க வேண்டும், சாவி இருக்கும் இடம் உரிமக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டும். அதுதான் விதி. சாவியை எங்கே ஒளிப்பது என்று ரஸ்ஸல் இரண்டு நாள் யோசித்தார்.

இன்று திருமதி ஸ்கெல்டன் அந்தப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், திருகாணிகளைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்து மீண்டும் மேசைக்கு வந்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டாங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

ரஸ்ஸலின் கை அம்மாவின் நாற்காலி முதுகில் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அம்மா.

"சாவி எங்க இருக்குன்னு வீட்டுல வேற யாருக்காவது தெரியுமா?"

"ஈ காக்காவுக்குத் தெரியாது, மேடம்," என்றார் ரஸ்ஸல்.

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தார். திருமதி ஸ்கெல்டன் பேனா மூடியைக் கழற்றினார். நான் எழுந்து பின்கதவு வழியாக வெளியே போனேன். நான் எழுந்து போவதை அந்த வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

கோழி அதே இடத்தில் முட்டையிடட்டும் என்று கூடுதோறும் ஒரு பீங்கான் முட்டை வைத்திருப்போம். காலையில் இருட்டில் கையை விட்டுத் துழாவுவேன். சூடாக இருந்தால் எடுப்பேன். சில்லென்று இருந்தால் பீங்கான், விட்டுவிடுவேன். ஒரு காலை, கடைசிக் கூட்டின் பீங்கான் முட்டை சற்றே சாய்ந்திருந்தது. கீழே வைக்கோலில் சாவி இருந்தது. ரஸ்ஸல் ஒரு நாளும் முட்டை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அங்கே ஒளித்திருக்க மாட்டார்.

திரும்பி வந்து பீங்கான் முட்டையையும் சாவியையும் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முட்டை மெல்ல உருண்டு தட்டில் இடித்து நின்றது.

"இது எங்க இருந்துச்சு?" என்றார் திருமதி ஸ்கெல்டன்.

"கடைசிக் கூட்டுல." சாவியை அவர் பக்கம் நகர்த்தினேன். "தினமும் கையில படும்."

"தினமுமா?"

"கோழி தினமும்தான முட்டை போடுது."

ரஸ்ஸல் சிரித்தார். "வேவு பாத்திருக்கா, பாருங்க. இடத்தை மாத்திட்டாப் போச்சு. வேற கூடு கெடைக்காதா, ஜோஸி?"

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. அவர் சொன்னது சரிதான். சாவிக்கு வேறு இடம் கிடைக்கும். திருமதி ஸ்கெல்டன் மறுபடி வருவார். அதுவரை இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

"இன்னிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது," என்று சொல்லித் திருமதி ஸ்கெல்டன் ஃபைலை மூடினார். "திரும்ப ஒரு தடவை பாக்கணும்."

"ஆலிவோட பூனையைச் சுட்டாரு," என்றாள் அம்மா.

மூடிய ஃபைல் மேல் திருமதி ஸ்கெல்டனின் கை அப்படியே நின்றது.

"நான் துணி காயப்போடறப்ப என்னைக் குறி பாக்கறாரு. இவ துணி போட்டா இவளை." பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். ரஸ்ஸலின் கை நாற்காலி முதுகிலிருந்து விழுந்தது. பின்கதவுக்கு மேலிருந்து பழைய துப்பாக்கியை இரண்டு கைகளாலும் இறக்கி, குழந்தையைக் கொடுப்பதுபோலத் திருமதி ஸ்கெல்டனிடம் கொடுத்தாள். "இதையும் கொண்டுபோயிடுங்க."

திருமதி ஸ்கெல்டன் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, தன் காலோடு சாய்த்து வைத்துக்கொண்டார். இன்னொரு கை கோட்டுப் பைக்குள், போனுக்குப் போனது.

"உக்காருங்க, மிஸ்டர் டோவ்," என்று ரஸ்ஸலிடம் சொன்னார்.

ரஸ்ஸல் உட்காரவில்லை. நனைந்த பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். வாசல் விரிப்பில் குனிந்து பூட்சை மாட்டி, கயிற்றை ஒவ்வொரு ஓட்டையாக நிதானமாக இறுக்கினார். கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தார். கதவைத் திறந்து, அதைச் சாத்தாமல் வெளியே போனார்.