எட்டு வருடம் கிரீம் தடவிய சீட்டு

கார் சீட்டு தைக்கும் சீட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னபோது ஜவுளிக்கடை முதலாளி வீட்டு வாசலில் தன் காருக்கு வெளியே நின்றிருந்தார். கதவைப் பிடித்தார். வெயிலில் கிடந்த கதவு, அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி மாதிரி சுட்டது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு."

"ரெக்சின், முதலாளி. இதுல தோலே கிடையாது."

ஊரே வெந்துகொண்டிருந்த மாதம். காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது.

வியாபாரிகள் மத்தியில் அவருக்குக் கட்டைவிரல் என்று பெயர். கண்ணைக் கட்டிவிட்டு எந்தத் துணியைக் கொடுத்தாலும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, நூல் என்ன ரகம், எந்த ஆலை, நெய்த அன்று மிஷின் எப்படி இருந்தது என்பதுவரை சொல்லிவிடுவார். இலவசமாகக் கிடைத்த கைக்குட்டையையும் தடவிப் பார்க்காமல் பாக்கெட்டில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் தடவிப் பார்க்காமல் வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார்தான். எட்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டுக்குக் கிளம்பிய மச்சான், "சீட்டு முழுக்கத் தோலு, மாப்பிள்ளை. குழந்தை மாதிரி பாத்துக்கங்க" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார். மச்சான் கொடுத்த பொருளில் விரல் வைத்தால் மச்சானையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று முதலாளி கௌரவம் பார்த்தார். மறுநாளே கிரீம் வாங்கிப் பூசிவிட்டார். அதற்கப்புறம் கட்டைவிரலில் பட்டதெல்லாம் கிரீம்தான்.

குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். முன்கண்ணாடிக்கு வெள்ளித் தகடு, சீட்டுக்கு மேல் வெள்ளைப் பருத்தி விரிப்பு, சூடு வெளியேற ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி. சூடான சீட்டில் கிரீம் போடவே கூடாது. வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, புறங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, பிறகு பயறளவு கிரீம். வாரம் தவறாமல் நடக்கும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறுவதற்கு முன் நாலு கதவையும் திறந்துபோட்டுக் குடும்பமே கால் மணி நேரம் ரோட்டில் நிற்கும்.

"சீட்டு மூச்சு வாங்கட்டும்" என்பார்.

"எங்களுக்கு வாங்குதே, அது கண்ணுல படலையா" என்பார் மனைவி.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கோடையில் சீட்டு பிசுபிசுக்க ஆரம்பித்தது. தையலோரம் ஒரு வெடிப்பும் விட்டது. வேறு சமயமாக இருந்தால் பொறுத்திருப்பார். இன்று பதினோரு மணிக்கு இரும்புக்கடை சம்பந்தி வண்டியை எடுத்துப்போக வருகிறார். "தோல் சீட்டு வண்டி, அதுவும் உங்க கைபட்டது. வித்தா எனக்குத்தான்" என்று இரண்டு வருடமாகக் கேட்டு, போன வாரம் கை குலுக்கி முடித்த பேச்சு. முதலாளியின் ஒரே மகள் வாழ்வது அந்த வீட்டில். ரெக்சினைத் தோல் என்று தள்ளிவிட்டது நாளைக்குத் தெரிந்தால் தட்டில் சோறு விழும்போதெல்லாம் அவளுக்குக் கூடவே இந்தக் குத்தலும் விழும்.

"வெயில்ல ரெக்சின் தானா கெட்டியாகும். அதுக்கு மேல நீங்க தோலுக்குப் போடுற எண்ணெய்ப் பசையை ஊட்டிக்கிட்டே இருந்திருக்கீங்க. குடிக்காது, முதலாளி. மேலயே நின்னு பிசுக்குன்னு ஆயிடும்" என்றார் சீட்டுக்காரர். சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஓரத்தைப் பிரித்து மடக்கிக் காட்டினார். "தோலா இருந்தா பின்பக்கம் நார்நாரா இருக்கும். இது பாருங்க, துணி."

முதலாளி குனிந்து பார்த்தார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் துணியைத் தடவியது. தடவிய விரல் அப்படியே நின்றது.

விரலகலத்துக்கு ஒரு இழை விட்டுப்போன துணி. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் குடோனுக்கு வந்து சேர்ந்த கழிசல் சரக்கு. சட்டைக்கும் ஆகாது, திரைக்கும் ஆகாது என்று கிடந்ததை ஒரு ரெக்சின் கம்பெனிக்காரன் தலையில் கட்டிவிட்டு, "மேல பூசிட்டா எவன் கண்டான்" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்த துணி. அதற்குத்தான் எட்டு வருடமாகக் கிரீம் தடவியிருக்கிறார்.

மோர் கொண்டுவந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார். விஷயத்தைச் சொன்னதும், "வண்டி வந்த அன்னைக்கே எனக்குச் சந்தேகம்" என்றார்.

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"கட்டைவிரல் நீங்க. நான் சொன்னா எடுபடுமா?"

சீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "முக்கால் மணி நேரம் கொடுங்க. சோப்புத் தண்ணியில பிசுக்கை எடுத்து, வெடிப்பை அடைச்சு, நிறம் அடிச்சுடறேன். ரெண்டு கோடை தாங்கும். கடவுளே வந்து உக்காந்தாலும் தெரியாது."

வேண்டாம் என்று சொல்ல முதலாளிக்கு நாக்கு வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. சும்மா நின்றார். சும்மா நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சீட்டுக்காரர் வேலையில் இறங்கினார்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்தபோது சீட்டு புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. அவர் கதவைத் திறந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, மூக்கை வைத்து முகர்ந்தார்.

"இதுதான் தோலு. என்னா வாசனை."

அது சீட்டுக்காரர் அடித்த சாயத்தின் வாசனை. முதலாளி சம்பந்தியின் தோளைத் தொட்டார். "சம்பந்தி, ஒரு விஷயம். அது தோல் இல்ல. ரெக்சின்" என்றார்.

சம்பந்தி திரும்பினார். நிதானமாகச் சிரித்தார். "கொடுக்க மனசு வரல, அதானே? நானும் வியாபாரிதான் சம்பந்தி. கைவிட மனசில்லாத சரக்கை நானும் இப்படித்தான் மட்டம் தட்டுவேன்."

"சத்தியமா ரெக்சின். எனக்கே காலையிலதான் தெரியும்."

"கட்டைவிரலுக்கு எட்டு வருஷம் தெரியாம இருந்துச்சா? வேற யார்கிட்டயாவது சொல்லுங்க."

முதலாளி சீட்டுக்கு அடியில் இருந்த துணியை இழுத்துக் காட்டினார். "உள்ளே தைக்கிற அஸ்தர் துணி. என் கோட்டுலகூடத்தான் இருக்கு" என்றார் சம்பந்தி. சீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "அவரு உங்க ஆளு" என்றார். பொய்யை நூறு தடவை விற்ற முதலாளிக்கு ஒரு உண்மையை விற்க முடியவில்லை. சம்பந்தி சாவிக்குக் கையை நீட்டிவிட்டார்.

முதலாளி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். டிரைவர் சீட்டின் நட்டநடுவில் குத்தி, ஒரு முழத்துக்குக் கிழித்தார்.

சீட்டுக்காரர் அடிபட்ட மாதிரி முனகினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி கிழிந்த விளிம்பைப் பிரித்துப் பிடித்தார். மேலே பளபளப்பு, கீழே துணி, இரண்டும் ஒட்டிய ஒரே பட்டை. "துணிகூட என்னோடதுதான். கழிசல். நானே வித்தது."

சம்பந்தி விளிம்பைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். முப்பது வருட வியாபாரத்தில் முடிந்துபோன பேச்சை இப்படிக் கத்தரி போட்டு அறுத்துக்கொண்ட மனிதனை அவர் பார்த்ததில்லை.

"வண்டி வேண்டாம்" என்றார் ஒருவழியாக.

"வேண்டாம்."

"பொண்ணு காதுக்கு இது போகாது. அந்தக் கவலையை விட்டுடுங்க." சம்பந்தி வியர்வையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது. "சம்பந்தி, உங்க கடை ஷட்டருக்கு நான் கொடுத்தேனே பூட்டு. வெளிநாட்டுச் சரக்கு, சுத்தியலுக்கே அசையாதுன்னு."

"ஆமா. இன்னைக்குக் கடை லீவு, அதைத்தான் போட்டிருக்கேன்."

"அதுல எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கும்."

கத்தரி முதலாளியின் கையிலிருந்து கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"நாலு வருஷமா அதையா போட்டுக்கிட்டிருக்கேன்?"

"அஞ்சு."

"மாத்துப் பூட்டு இருக்கா உங்ககிட்ட?"

"கடை நிறைய இருக்கு."

"நல்லதா ஒண்ணு?"

சம்பந்தி விரல்விட்டு எண்ணப் பார்த்தார்; முதல் விரலே மடங்கவில்லை.