அண்ணன் திட்டாத மூன்று நாள்

1

இந்தக் கதை என் வீட்டுக் கழிவறை வாசலில் பிறந்தது. இதைவிடக் கொஞ்சம் மரியாதையான இடமாகச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மழை பெய்கிற ஜன்னல், ரயில் பயணம், பழைய கடிதம் என்றெல்லாம் மனசு ஆசை காட்டியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எதிரே உட்கார்ந்து கேட்கிற உங்களிடம் எனக்கு என்ன கூச்சம், கண்ணுகளா.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு கழிவறை. காலை ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை அந்த வீட்டு அண்ணன் கைபேசியும் கையுமாக அதற்குள் குடியிருப்பான். அவன் தங்கைக்கு இருபத்தாறு வயது. வீட்டில் சின்னவள் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஐந்து மாதமாக அவளால் அந்த முக்கால் மணி நேரத்தைப் பொறுக்க முடியவில்லை. "பெரியம்மா, அவசரம்!" என்று படிகளில் தடதடவென்று இறங்கி என் வீட்டுக்குள் ஓடிவருவாள்.

ஒரு நாள் உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன்.

"இருக்கேன், இருக்கேன். இங்க வெளிச்சம் பத்தல பெரியம்மா."

"அங்க எதுக்குடி வெளிச்சம்? பரீட்சைக்குப் படிக்கிறியா?"

கதவு திறந்தது. அவள் கையில் விசிறி மாதிரி விரித்த நிற அட்டை. சாயப்பட்டறையில் அவளுக்கு அதுதான் வேலை. துணி வாங்குபவர்கள் ஒரு சின்னத் துண்டை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார்கள். இவள் சாயங்களைக் கலந்து, தோய்த்து, விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, இதேதான் என்று கையெழுத்துப் போடுவாள். அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு.

"முதல் தடவ வந்தப்ப பதினாலு. இன்னிக்கு முப்பத்தொண்ணு," என்றாள்.

பதினாலு என்பது வெளிறிய ரோஜா. முப்பத்தொன்று செங்கல்.

இது கதையாகும் என்று எனக்கு அந்த நொடியே தோன்றிவிட்டது. பயம் அதற்கு அடுத்த நொடிதான் வந்தது. வரிசை மாறி வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

2

நான் எழுதி அடித்துப் போட்ட தொடக்கங்கள்:

"வாழ்க்கையின் வாசலில் நின்றிருந்த அந்த இளம்பெண்ணின் மேல் விதி தன் கரிய நிழலை..." (விதியை இழுத்தால் டாக்டர்கள் தப்பித்துவிடுவார்கள்.)

"சிறுநீர்ப்பை என்பது அடிவயிற்றில் இருக்கும் ஒரு..." (பாடப்புத்தகம். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

"அவளுக்கு வலியே இல்லை."

இது நிற்கட்டும். கோளாறே அங்கேதான். வலி வலி என்று சுருண்டு படுத்திருந்தால் நம்பியிருப்பார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, வலியில்லை, இருபத்தாறு வயது, பெண். தெருமுனை டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்காரவில்லை.

"இன்ஃபெக்‌ஷன். தண்ணி நிறைய குடிங்க. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"சும்மா, கேட்டு வச்சுக்கறதுதான்."

ஐந்து நாள் மாத்திரை. நின்றது. மூன்று வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி ஐந்து நாள். மூன்றாம் தடவை போனபோது அவள் உட்காருவதற்குள் அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.*

* அவளிடம் தண்ணீர் குடிக்கச் சொன்னவர்களை எண்ணிப் பார்த்தேன். பட்டறைக் காவலாளி, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் உட்படப் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் நான்.

3

இதற்குப் பிறகு இரண்டு பக்கம் இருந்தது. அது கிழிந்த கதையைக் கேளுங்கள். சின்னவள் என் நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள்.

"நான் எப்ப பெரியம்மா ஜன்னல் வழியா வானத்தப் பாத்தேன்?"

"உடம்பு சரியில்லாத பொண்ணு பாக்க மாட்டாளா?"

"எங்க ஜன்னலத் திறந்தா எதிர்வீட்டுக்காரர் பனியன்தான் தெரியும். அப்புறம் மூணு எடத்துல 'கண்ணீர் துளிர்த்தது'ன்னு இருக்கு. யாருக்குத் துளிர்த்துச்சு? உங்களுக்கா?"

"கொஞ்சம் அழுதா படிக்கிறவங்களுக்கு உன் மேல ஒரு பிரியம் வரும்டி."

"அவங்க பிரியத்த வச்சு நான் என்ன பண்றது? எனக்கு அழுகையே வரல. எரிச்சல்தான் வருது. ஒண்ணுக்குப் போறதப் பத்தி எத்தன பேர்கிட்ட எத்தன தடவ சொல்றது? சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டா, வயித்து வலியாங்கறார். ஆமான்னு சொல்லிட்டு வரேன். வலியே இல்லாத வியாதிக்கு வலின்னு பொய் சொல்லிட்டுத் திரியறேன்."

வானத்தை எடுத்துவிட்டேன். கண்ணீரையும் எடுத்துவிட்டேன். (ஒரே ஒரு துளியை மட்டும் வேறொரு பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தேன். அதையும் கண்டுபிடித்துக் குறுக்கே கோடு போட்டுவிட்டாள்.) இப்படிச் சிடுசிடுப்பவளை உங்களுக்குப் பிடிக்குமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். நான் பழகிவிட்டேன்.

4

இனி அவள் செய்த தவறு. இதை எழுதக் கூடாது என்றாள். எழுதாவிட்டால் எல்லாரும் பழி முழுவதையும் டாக்டர் தலையில் கட்டிவிடுவார்கள் என்றேன். "கட்டட்டுமே," என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "சரி, எழுதித் தொலைங்க," என்றாள்.

மூன்றாம் சுற்று மாத்திரைக்கும் அடங்காதபோது டாக்டர் வேண்டாவெறுப்பாகச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பரிசோதனைக்கூடத்தில் வெள்ளை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா தந்தார்கள். இவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மங்கல் பிளாஸ்டிக். அதற்குள் எந்த நிறமும் ஒரு சாயல் மாறித்தான் தெரியும். நிறத்தைத் தப்பாகக் காட்டி அனுப்புவது அவள் தொழிலுக்கே இழுக்கு. ஆகவே பட்டறையில் சாய மாதிரி ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, மூன்று தடவை கழுவி, அதில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். நிறம் அச்சு அசலாகத் தெரிந்தது. குப்பியின் வயிற்றில் "சிவப்பு" என்ற பட்டறைச் சீட்டும் அச்சு அசலாக ஒட்டியிருந்தது.

பரிசோதனைக்கூடத்தில் அதைத் தொடவே இல்லை. மாதிரி செல்லாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சிரித்தார்.

"என்னம்மா, உங்க கம்பெனிச் சாயத்தையா டெஸ்டுக்கு அனுப்புவீங்க? இத்தன நாளா இதுதானா? கைய நல்லாக் கழுவுங்க. தண்ணி குடிங்க."

அவள் அதற்கப்புறம் அங்கே போகவில்லை. வெறும் சாயம்தான் என்று அவளே நம்பிவிட்டாளோ என்று எழுதியிருந்தேன். கேட்டதற்கு, "நம்பல. ஆனா அப்படியே இருந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு," என்றாள். ஒரு மாதம் போயிற்று. (இந்த ஒரு மாதத்தை எப்படி எழுதுவது? வெளியே ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே மட்டும் அது... இல்லை, இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

5

எண் முப்பத்தெட்டுக்கு, அதாவது அரக்குக்கு, வந்த அன்று நானே அவளைப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். சிறுநீரகப் பிரிவில் வரிசை முழுக்க என் வயது ஆண்கள். அதில் ஒருவர் இவளிடம், "யாருக்கும்மா, அப்பாவுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

"உனக்கா? இந்த வயசுலயா? தண்ணி குடிக்கிறதில்லையோ?"

(பதின்மூன்று.)

அங்கிருந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். என்ன நிறம் என்று கேட்டார். இவள் அட்டையை விரித்துக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை இந்தக் கதையில் எங்கேயும் குறை சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். புகைப்பழக்கம் உண்டா, பட்டறையில் என்னென்ன சாயம், எத்தனை வருடம், கையுறை தருகிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு ஸ்கேன். பிறகு மெல்லிய குழாயில் கேமரா. சிறுநீர்ப்பையின் சுவரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வளர்ச்சி. மயக்கம் கொடுத்து, அதைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"கேன்சரா டாக்டர்?" என்று சின்னவள் கேட்டாள். அதுவரை நாங்கள் எல்லோரும் "அது", "அந்த மாதிரி", "வேற ஏதாவது" என்று சுற்றிச் சுற்றி வந்த சொல்.

"இருக்கலாம். உங்க வயசுல அபூர்வம். ஆனா இல்லன்னு சொல்ல மாட்டேன். பத்து நாள்ல ரிப்போர்ட் வரும். அதுவரைக்கும் எனக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஆறுதலாக இருந்தது, பாருங்கள்.

மாடியில் அவள் அம்மாவிடம், சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை எடுத்தார்கள் என்று சொல்லி வைத்தோம்.

6

அண்ணனை நான் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவன். தங்கையைத் திட்டாமல் அவனுக்குப் பொழுது விடியாது. விளக்கை அணைக்கவில்லை, சீப்பை எடுத்த இடத்தில் வைக்கவில்லை, செருப்பு வழியில் கிடக்கிறது. கட்டியை எடுக்கச் சேர்த்த அன்று மருத்துவமனைப் படிவத்தை நிரப்பியவனும் அவன்தான். கைபேசி எண் என்று கேட்ட இடத்தில் தன் எண்ணை எழுதிவிட்டான். யோசித்துச் செய்ததில்லை. அந்த வீட்டில் எந்தப் படிவத்துக்கும் அவன் எண்தான்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குச் சின்னவள் கீழே வரவில்லை. ஏழரைக்கு வந்தாள். ஓடிவரவில்லை, நடந்து வந்தாள்.

"பாத்ரூம விட்டுக் கொடுத்துட்டான் பெரியம்மா."

"யாரு?"

"அண்ணன். ஏழு மணிக்குக் கதவத் திறந்து வச்சுகிட்டு, 'நீ போம்மா'ங்கறான். போம்மா! அப்புறம் என் செருப்ப அவனே எடுத்து ஓரமா வச்சான். ரிப்போர்ட் வந்திருச்சு, அவன் நம்பருக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க. அவன் கையில இருக்கு. எனக்கு என்னமோ இருக்கு."

மூன்று நாள் இப்படியே போயிற்று. அவனாகத் திட்டட்டும் என்று வம்புக்கு இழுத்தும் பார்த்தாள். அவன் கைபேசி மேல் தண்ணீரைக் கொட்டினாளாம். "பரவால்லம்மா, காய வச்சுக்கலாம்," என்றானாம்.

நான் இதற்குள் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான். வீடே சிரிக்கிறது. தெருமுனை டாக்டர் தலைகுனிந்து... (அவர் குனிய மாட்டார்.)

(ஆ) அதுவேதான். ஆனாலும் அவள் மேகங்களுக்கு அப்பால் தெரிந்த ஒரு... (மறுபடியும் வானம்! என் கையை என்ன செய்தால் தேவலை?)

7

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் முன்னறைக்குள் வந்தாள்.

"குடுடா."

"எத?"

"பெரியம்மா முன்னாடியே அடிப்பேன்."

அவன் வேலைப் பையைத் திறந்தான். திருப்புளிகளுக்கும் எண்ணெய்த் துணிக்கும் நடுவிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். உறையின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

"நீ பிரிக்கவே இல்லையா?"

"இல்ல."

"மூணு நாளா?"

"ஆஸ்பத்திரிப் படியிலயே நின்னுட்டேன். பிரிக்கக் கை வரல. படிச்சுட்டு உன் மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

"அப்ப எதுக்குடா நல்லவனா இருந்த?"

"தெரியலையே. எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

எனக்குச் சிரிப்பதா, அவன் மண்டையில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. "நீ நல்லவனா இருந்த மூணு நாளும் நான் செத்துச் செத்துப் பொழச்சேன்டா, தடியா," என்றாள் அவள். குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் பிசகியது. (கண்ணீர் இல்லை. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் என் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

நானும் அந்தத் தடியனும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றோம். ஸ்டேப்ளர் பின் கழன்றது. தாள் விரிந்தது. அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. என் சுவரில் ஆணி பெயர்ந்த ஓட்டை ஒன்று உண்டு. அதன் விளிம்பில் எத்தனை கீறல் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஒரு பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம். மறுபடி முதல் பக்கத்துக்கே போனாள்.

"சரி, திரும்புங்க," என்றாள்.

சொன்னாள்.

8

எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். தொண்டை வரை வந்த முடிவை விழுங்குவது எனக்கு மட்டும் லேசா? ஆனால் அன்றைக்கே அவள் என் நோட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத மட்டும் எழுதிடாதீங்க பெரியம்மா. அம்மாவுக்கு இன்னும் கல்லுதான். வேலையில இன்னும் வயித்து வலிதான். நான் போய் என் வாயால சொல்லணும். நல்லதோ கெட்டதோ, எனக்கு முன்னாடி அது எங்கயும் போய் நிக்கக் கூடாது."

"முடிவில்லாத கதைய யாருடி படிப்பாங்க?"

"எரிச்சலோட படிக்கட்டும். எனக்கு மட்டும் என்ன, முடிவு தெரிஞ்சா நடந்துச்சு?"

ஆகவே கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். முடிவு தெரியாமல் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கண்ணுகளா. (அ)வோ, (ஆ)வோ, எனக்குத் தோன்றாத வேறொன்றோ. எழுதியதை வேறு யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். நேரே மாடிக்குப் போய் அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள்.

........................................................